பாறைச் சுவரில் ஐந்து பலகைகள்

அந்த வீடியோ கேம் பெட்டியின் அடாப்டர் சூடேறினால், வெயிலில் கிடந்த ரப்பர் செருப்பின் வாசனை கூடம் முழுக்கப் பரவும். ஏம்பலத்தில் எங்கள் பெரியப்பா வீட்டுக் கூடத்தில், அந்த வாசனையில்தான் என் பதினோராவது வயதுக் கோடை விடுமுறை மொத்தமும் போயிற்று. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர் என்பதால் ஊரே ‘சொல்தா’ என்று கூப்பிட்ட எங்கள் அத்தை வீட்டுக்காரர், பிரான்சிலிருந்து வந்தபோது இரண்டு வீட்டுக்கும் பொதுவாக அந்த ஒரு பெட்டியையும், ஒரே ஒரு கார் ரேஸ் ‘கேசட்’டையும் கொடுத்துவிட்டுப் போனார்.

பொதுவாகக் கொடுத்தால் என்ன ஆகும்? எனக்கும் பெரியப்பா மகன் சேகருக்கும் முதல் நாளே அடிதடி. கரும்புக் கொல்லையிலிருந்து வந்த கையோடு பெரியப்பா தீர்ப்புச் சொன்னார்: “ஞாயித்துக்கெழம ரேஸ் உடுங்கடா. எவன் கொறஞ்ச நேரத்துல முடிக்கிறானோ, அவன் வூட்ல ஒரு வாரம் இருக்கட்டும். அதுக்கு மேல சத்தம் வந்துச்சு, பெட்டிய கெணத்துல போட்டுருவேன்.”

எனக்கோ அந்தப் பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்தே ஆகவேண்டும். என் தங்கை செல்வி, கரும்பு ஏற்றிய டிராக்டரில் தொற்றி ஏறப்போய் விழுந்து, காலில் மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தாள். எட்டு வயது. நான் சொல்லிச் சொல்லி, கடலோரமாகப் போகிற அந்த ரேஸ் ரோட்டைப் பார்க்க அவளுக்கு அவ்வளவு ஆசை. “அடுத்த வாரம் நம்ம வூட்லதாண்டி” என்று அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தேன்.

ஐந்து ஞாயிறும் சேகரே ஜெயித்தான். ஒருவர் ஓட்டும்போது மற்றவர் கூடத்தில் இருக்கக்கூடாது என்பது அவன் கொண்டுவந்த சட்டம். “நீ பாத்தா கண்ணு பட்டுடும்டா, வெளிய போ.” பெரியம்மாவும், “ஆமாப்பா, கொள்ளிக்கண்ணு யாருக்கு இருக்குன்னு யாரு கண்டா, ரெண்டு பேருமே பாக்காதீங்க” என்று ஒத்து ஊதினார். எனக்கு எதிர்க்கேள்வி கேட்கத் தோன்றவில்லை. கண் படும் என்றால் படும்தானே! வாசலில் மாட்டுக்கொட்டகையைப் பார்த்தபடி நிற்பேன். கூப்பிட்டு உள்ளே போனால், டிவியில் என்னைவிட எட்டு நொடி குறைவாக அவன் நேரம் நிற்கும். நானும் விடவில்லை. அவன் வீட்டிலேயே காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்து, கட்டைவிரல் காய்த்துப்போகப் பழகினேன்.

எத்தனையோ வருஷம் கழித்து, போன மாதம், அதே விளையாட்டை லேப்டாப்பில் ஓட்டுகிற எமுலேட்டர் ஒன்றை இறக்கினேன். மடுகரையில் கட்டிக்கொடுத்த செல்வியும் வந்திருந்தாள். முதலில் எல்லாம் அன்றைக்குப் பார்த்த மாதிரியே வழவழவென்று, கொஞ்சம் கலங்கலாகத் தெரிந்தது. செட்டிங்ஸில் ‘டெக்ஸ்சர் ஃபில்டரிங்’ என்று ஒன்று இருந்தது. விளையாட்டுக்குள் சுவரிலும் ரோட்டிலும் ஒட்டியிருப்பவை தபால்தலை அளவுப் படங்கள்தான்; அவற்றை இழுத்துப் பெரிதாக்கும்போது பக்கத்துப் பக்கத்து நிறங்களைக் குழைத்து, கட்டம் தெரியாமல் பூசிவிடுகிற வேலை அது. பழைய பெட்டி அதைத் தானாகவே செய்துவந்திருக்கிறது. லேப்டாப்பில் அதை நிறுத்திப் பார்த்தேன். மரமெல்லாம் ரம்பப் பல்லாகிவிட்டது, தூரத்து ரோடு பொடிப்பொடியாக மினுக்கியது, பார்க்கவே சகிக்கவில்லை. ஆனால் குகைக்கு முன்னால், அன்றைக்கு வெறும் பழுப்புப் பாறையாக இருந்த இடத்தில், தனித்தனியாக ஐந்து மரப்பலகைகள், அவற்றின் மேல் ஒரு வெளிறிய அம்புக்குறி. காரைக் கொண்டுபோய் முட்டினேன். பலகைகள் உடைந்தன; உள்ளே குறுக்கு வழி. முடித்துப் பார்த்தால் சரியாக எட்டு நொடி மிச்சம்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. “அடப்பாவி! கண்ணு படும்னு சொல்லியில்ல வெளிய நிக்க வெச்சான்!” என்று கத்தினேன். திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கும் சேகரை, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிடலாம் என்று போனை எடுத்தேன்.

“இப்ப இன்னாத்துக்குண்ணா போனு? எனக்கு அப்பவே தெரியும்” என்றாள் செல்வி. “ஒரு தபா தெரியாம மோதி ஒடஞ்சிச்சாம். சேகர் அண்ணந்தான் எங்கிட்ட சொல்லுச்சு. உங்கிட்ட சொல்லாதன்னுச்சு.”

உனக்காகத்தானேடி நான் அந்தப் பாடு பட்டேன், ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா என்று கேட்டேன். சேகர் செய்ததைவிட இதுதான் அதிகம் வலித்தது.

“சொல்லிருந்தா பெட்டி இங்க வந்துரும். நீங்க ரெண்டு பேரும் அது முன்னாடியே கெடப்பீங்க. அப்பறம் எங்கூட யாரு இருப்பா? நீ நாளெல்லாம் அங்கியே கெடந்தப்ப, சேகர் அண்ணந்தான் டெய்லி வந்து எங்கூட தாயம் ஆடுச்சு. நீ ஒரு நாளாவது வந்து உக்காந்தியா?”

பெரியப்பா வீடு இருந்த இடத்தில் இப்போது மனைக்கல் நட்டிருக்கிறார்கள். பெட்டி எந்தப் பழைய இரும்புக்கடைக்குப் போனதோ தெரியாது. அதற்கெல்லாம் நான் வருந்தியதில்லை. தங்கைக்காகப் போராடித் தோற்றவன் என்று இத்தனை வருடம் எனக்கு நானே வைத்துக்கொண்டிருந்த பேர் போனதுதான் தாங்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து என்னை ஏமாற்றினார்கள்; அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் சேகரைக் கேட்க எடுத்த போனை அப்போதே கீழே வைத்துவிட்டேன்.