வாசலோரக் கட்டில்

மெர்டேக்கா, சுதந்திரம் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த மாதங்களில் புளூ காய்ச்சல் முந்திக்கொண்டு வந்தது. ஆஸ்பத்திரியில் கட்டில் போதவில்லை. யார் சீக்கிரம் வீடு திரும்புவார், யார் தங்க வேண்டியிருக்கும் என்று வார்டு வாசலிலேயே பிரித்தவர் டாக்டருக்கு உதவியாக இருந்த ஒரு டிரஸ்ஸர். ஒல்லியான மனிதர். நரைத்த மீசை, எப்போதும் ஈரமான சட்டைக்கை.

"இங்கேருந்து வீட்டுக்கு எப்படிப் போவீங்க, சொல்லுங்க" என்பார். பதிலைவிட மூச்சைத்தான் கவனிப்பார். இடையில் மூச்சு வாங்காதவருக்கு வாசலோரக் கட்டில். செருப்பும் அதன் அடியிலேயே இருக்கும். மற்றவர்களின் செருப்பை வீட்டாரிடம் கொடுத்தனுப்பிவிடுவார்.

என் தம்பி, எங்கள் வீடு இருக்கும் காஜா பேராங் வரைக்கும் வழியை ஒரே மூச்சில் சொன்னான்.

"நாளைக்கே வீட்டுக்குப் போயிடலாம் லா" என்றார் டிரஸ்ஸர்.

விடியும்போது தம்பி உயிரோடு இல்லை.

கட்டிலடியிலிருந்து செருப்பை எடுத்துத் தந்த டிரஸ்ஸர் கேட்டார்: "தம்பிக்கு என்னா வேலைங்க?"

"பஸ் கண்டக்டர். நாள் முழுக்க அந்த வழியத்தான் கத்திக்கிட்டிருப்பான்."

எனக்கு அழுகை வரவில்லை. செருப்போடு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அடுத்த நோயாளியைக் கூட்டிவந்தார்கள்.

"என்னா வேலை செய்றீங்க?" என்று கேட்டார் டிரஸ்ஸர். வழியை அப்புறம்தான் கேட்டார்.