துப்பறிவாளர் கஃபீல் மாறிய கதை

விசிட்டில் அபுதாபி வந்திருக்கிறேன். இன்று மதியம் மகன் வீட்டு டிவியில் ஏதோ ஆங்கிலத் தொடர். நீதிபதி நாற்காலியில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர், காது மடலை இழுத்துக்கொண்டே யோசித்தார்.

அதிலேயே பிடித்துவிட்டேன். நம்ம ஆள்.

எழுபதுகளில் நான் இங்கே வேலை பார்த்தபோது, எங்கள் தொழிலாளர் கேம்ப் மெஸ்ஸில் இருந்த ஒரே டிவியில் அவர்தான் துப்பறிவாளர். பேசுகிற இங்கிலீஷும் புரியாது, கீழே ஓடும் அரபியும் புரியாது. கொலைகாரனை மட்டும் அவருக்கு முன்பே நாங்கள் பிடித்துவிடுவோம்.

திடீரென்று ஒரு வருடம் அதே மனிதர் வேறு தொடரில், வேறு பெயரில் துப்பறிய வந்தார். மெஸ்ஸே குழம்பிப்போனது.

"இதுல என்னய்யா குழப்பம்? பழைய கஃபீல் ரிலீஸ் குடுத்திருப்பான். வேற கம்பெனிக்கு மாறிட்டாரு" என்றார் வெல்டர் செல்வராஜ்.

"அவர் நடிகர்யா" என்று நான் சொன்னது யார் காதிலும் விழவில்லை.

கஃபீலிடம், அதாவது விசா கொடுத்த அரபி முதலாளியிடம், வாயைத் திறக்கவே பயந்துகொண்டிருந்த செல்வராஜ், மறுவாரம் ஆபீஸில் போய் நின்று வேறு கம்பெனிக்கு மாறத் தனக்கும் ரிலீஸ் கேட்டார். கிடைத்தும்விட்டது. நல்ல கம்பெனி, நல்ல சம்பளம்.

இன்று பட்டுக்கோட்டையில் இருக்கும் அவரை வீடியோ காலில் கூப்பிட்டு டிவியைக் காட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"ஜட்ஜாவே ஆயிட்டாரா? நாமதான்யா அவசரப்பட்டு விசாவ கேன்சல் பண்ணிட்டு வந்துட்டோம்."

என்னால் முடியவில்லை. நம்பர் தருகிறேன், அவர் நடிகர் என்று நீங்களாவது சொல்லிப் பாருங்கள்.