ஞானமுத்துவுக்குக் கொடுத்ததை எனக்கும் கொடும்

1986-ஆம் வருடம் ஆடி மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது பக்கத்து வீட்டு அம்மாள் தன் மகளின் ஞானஸ்நானத் தேதியைக் கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அன்று என்ன கிழமை என்பதும் தெரியவில்லை. ஆராதனையிலிருந்து அப்போதுதான் வெளியே வருகிறேன், ஆனாலும் ஞாயிறு என்று தோன்றவில்லை.

எங்கள் பசியாவரத்தில் யாருக்கு எந்தத் தேதி வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். யார் எப்போது பிறந்தார், எந்த மழையில் எந்தப் படகு போனது, முகத்துவாரம் எந்த வருடம் மணலடித்துப் போனது, எல்லாம் என் நினைவில் இருக்கும். கையில் கிடைக்கிற புத்தகங்களையெல்லாம் படிப்பேன். படகுக்காரர்களில் அது ஒன்றுதான் என்னிடம் தனியாக இருந்தது. அதுவே போய்க்கொண்டிருந்தது.

ஒரு மாதமாகவே தலைவலி. வலது கையில் பிடி இல்லை. வலை கட்டும்போது முடிச்சு தானாகவே அவிழ்ந்து விழும். "நைனா, இன்னா நீ தம்ளர் தம்ளரா கீழ போடுற?" என்று என் சின்ன மகள் சிரித்தாள். பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

நான் ஜெபித்தேன். உபவாசம் இருந்தும் ஜெபித்தேன். பதில் இல்லை.

அதே வருடம் என் சித்தப்பா மகன் ஞானமுத்துவுக்குப் பதில் கிடைத்திருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஈஸ்டருக்கு முந்தைய தவசு நாட்களில் அவன் படகிலேயே வலிப்பு வந்து விழுந்தான். சபை கூடி ஜெபித்தது. ஈஸ்டர் அன்று எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று, "எனக்குச் சுகமாச்சு" என்று சாட்சி சொன்னான். அழாதவர்கள் இல்லை. லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்தும் அவனைக் கூப்பிட்டார்கள். நானும் அவனும் ஒரே பாடு. ஏரியில் வலை போட எங்கள் குழுவுக்கு முறை வரும் நாளில் ஒரே படகில் போகிறவர்கள். இருவருக்கும் தலையில்தான் நோய், இருவருக்கும் ஒரே ஆண்டவர். அவன் கரையேறி வலையை இழுப்பதை நான் மணலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். அவனுடைய வலது கையையே பார்ப்பேன்.

என் மனைவி எஸ்தர் ஒருநாள் சொன்னாள். "ஞானமுத்துத் தம்பிய வரச் சொல்லட்டா? தலைல கைய வச்சு ஜெபம் பண்ணட்டும்."

"அவன் கை என் தலைல எதுக்கு?"

"அது இன்னா அவரு கையா? ஆண்டவரு கைதானே."

"ஆண்டவருக்கு வேற கை கெடைக்கலயா?"

அவள் உலையைப் பார்க்க எழுந்து போனாள். ஆனால் பொன்னேரி டாக்டர் என்னைப் பார்த்துவிட்டு, "மதராசுக்குப் போய் மூளையை ஸ்கேன் எடுத்துப் பாருங்க" என்று எழுதிக் கொடுத்தபோது, எனக்குத் துணையாக அவள் அனுப்பியது ஞானமுத்துவைத்தான். வேறு யாரும் வலை போடும் முறையை விட்டுவிட்டு வரத் தயாராக இல்லை.

ஆவணி முதல் வாரம், வியாழக்கிழமை. படகில் பழவேற்காடு, அங்கிருந்து பஸ்ஸில் பொன்னேரி. பஸ்ஸில் ஒரு அம்மாள் அவனை அடையாளம் கண்டுகொண்டார். "நீங்கதானே சாட்சி சொன்னவரு? என் பையனுக்காக ஜெபிங்க தம்பி. இவரு யாரு?"

"எங்க அண்ணன்."

"அப்படியா" என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி அவன் பக்கமே திரும்பிக்கொண்டார்.

காலையிலிருந்து நான் எதுவும் சாப்பிடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். பொன்னேரி ஸ்டேஷனில் அவன் வடை தின்றான். அந்த வடையின்மீதும் எனக்குப் பொறாமை வந்தது. உள்ளதைச் சொல்கிறேன்.

ரயிலில் மதராஸ் போய்ச் சேர்ந்தோம். ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒருவர் எங்களை உட்கார வைத்தார். மோதிரத்தையும் கழுத்தில் இருந்த வெள்ளிச் சிலுவையையும் கழற்றச் சொன்னார்.

"சிலுவையுமா சிஸ்டர்?"

"உலோகம் எதுவும் கிட்ட இருக்கக் கூடாதுங்க. படத்துல அதுதான் தெரியும், உங்க மூளை தெரியாது. சாமி கோவிச்சுக்க மாட்டாரு."

கழற்றி ஞானமுத்துவிடம் கொடுத்தேன். கடைசியில் என் சிலுவையும் அவன் கைக்குப் போய்விட்டது.

படம் தெளிவாக விழ, சிலருக்கு நரம்பில் ஒரு மருந்து போடுவார்களாம். அதற்காக நர்ஸ் ஒரு கேள்வி கேட்டார். "மீன், இறால் எதாவது சாப்பிட்டா உடம்பு தடிக்குமா?"

எனக்கு இறால் ஆகாது. சின்ன வயதிலிருந்தே தின்றால் உடம்பெல்லாம் தடித்து மூச்சு இறுகும். ஆனால் ஏரிக்கரையில் பிறந்து இறால் பிடித்துப் பிழைக்கிறவன் அதை வெளியே சொல்ல மாட்டான். என் அம்மாவுக்கும் எஸ்தருக்கும் மட்டுமே தெரியும். ஞானமுத்துவை வைத்துக்கொண்டு சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்னும் ஒரு குறையை அவன் எதிரில் ஒப்புக்கொள்வதா?

"ஏரிக்காரங்கம்மா நாங்க. எறாதான் எங்களுக்குச் சோறே" என்றேன்.

நர்ஸ் சிரித்தார். ஞானமுத்து சிரிக்கவில்லை.

"சிஸ்டர், அண்ணனுக்கு எறா ஆகாது."

"உனக்கு யார்ரா சொன்னது?"

"யாரு சொல்லணும்? சபை விருந்துல உன் எலைல விழுற எறாவையெல்லாம் எடுத்து என் எலைல போடுவியே. எம்மேல உள்ள பாசம்னு நெனச்சினு இருந்தேன். ஒருநாள் ஒண்ணு தெரியாம தின்னுட்டு ஒதடு வீங்கி உக்காந்திருந்த. அன்னிக்குத்தான் புரிஞ்சுது."

நர்ஸ் உள்ளே போய்ச் சொன்னார். டாக்டரே வெளியே வந்தார். இப்படி ஒவ்வாமை உள்ள சிலருக்கு அந்த மருந்தாலும் மூச்சு முட்டலாம், முதலில் மருந்து இல்லாமலே எடுத்துப் பார்ப்போம் என்றார். என் முகத்தைப் பார்த்து, "இதையெல்லாம் மறைக்கக் கூடாதுங்க" என்றார். குரலில் கோபம் இல்லை.

உள்ளே குளிர். நடுவில் பெரிய வட்டமான ஓட்டையோடு ஒரு இயந்திரம், அதற்கு முன்னால் குறுகலான மேசை. படுக்க வைத்து, தலையை ஒரு தாங்கியில் வைத்து நெற்றியில் பட்டை கட்டினார்கள். அசையக் கூடாது என்றார்கள். எல்லோரும் வெளியே போய்விட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டாக்டரின் முகம் தெரிந்தது. இயந்திரம் உறுமும், நிற்கும், மேசை கொஞ்சம் நகரும், மறுபடி உறுமும். வலி துளியும் இல்லை. ஆனால் அத்தனை தனிமையை நடு ஏரியிலும் நான் அறிந்ததில்லை.

முழங்கால் போட முடியாது. உதட்டையும் அசைக்க முடியாது. மனதுக்குள் ஒரே வரிதான் வந்தது. ஆண்டவரே, ஞானமுத்துவுக்குக் கொடுத்ததை எனக்கும் கொடும்.

அழகான ஜெபம் இல்லை. என்னிடம் அதுதான் இருந்தது.

வெளியே வந்து முடிவுக்காகப் பெஞ்சில் உட்கார்ந்தோம். ஞானமுத்து கேட்கத் தொடங்கினான்.

"வலிச்சுதாண்ணே?"

"இல்ல."

"இருட்டா இருந்துச்சா? உள்ள தள்ளி மூடிடுவாங்களா?"

"மூட மாட்டாங்க. ரெண்டு பக்கமும் தொறந்துதான் இருக்கும். தலை மட்டுந்தான் உள்ள போவும். வெளிய இருந்து பாத்துனே இருப்பாங்க."

"நடுவுல வலிப்பு வந்துட்டா நிறுத்திடுவாங்களா?"

நான் அவனைத் திரும்பிப் பார்த்தேன். "யாருக்கு வலிப்பு?"

அவன் என் சிலுவையைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தான். "எனக்குப் போவலண்ணே. ஈஸ்டருக்கு அப்புறம் ரெண்டு தடவ வந்துச்சு. எல்லார் முன்னாடியும் சாட்சி சொல்லிட்டேன். இப்போ போய் எப்படிச் சொல்றது? நீ குடுத்து வச்சவன். தலைவலின்னு ஊரறிய சொல்ற, மெஷின்ல படுக்கற. உன்னப் பாத்தா எனக்கு எரியுது."

என்மீது அவனுக்குப் பொறாமை. அதை முழுதாக விளங்கிக்கொள்வதற்குள் என்னை உள்ளே கூப்பிட்டார்கள்.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் காட்டினார். மண்டை எலும்புக்கும் மூளைக்கும் நடுவில் இடது பக்கம் இரத்தம் கசிந்து தேங்கி மூளையை அழுத்துகிறது என்றார். "எப்பவாவது தலைல அடிபட்டுதா?" ஆனி மாதத்தில் படகின் பாய்க்கம்பு திரும்பி என் தலையில் தட்டியது. வீங்கக்கூட இல்லை. எத்தனையோ பேருடைய தேதிகளை வைத்திருக்கும் நான் அந்த நாளை மட்டும் மனதில் வைக்கவில்லை.

"சின்னத் துளை போட்டு அந்த இரத்தத்தை எடுத்துடலாம். சரியாகிடும்" என்றார். ஊசி மருந்து தேவைப்படவில்லை.

மறுநாள் ஆபரேஷன் நடந்தது. அதற்கும் அடுத்த நாள் காலை கண் விழித்தபோது நர்ஸ், "இன்னிக்கு என்ன கிழமை?" என்றார். "சனிக்கிழமை" என்றேன். சொல்லிவிட்டு அழுதேன். அவர் வலிக்கிறதோ என்று பயந்துவிட்டார்.

புரட்டாசியில் அதே ரயிலில் ஞானமுத்துவை நான் அழைத்துப் போனேன். அவனுடைய மோதிரத்தை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். மூளையில் சிறிய தழும்பு போல ஏதோ இருக்கிறது, மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் போதும் என்றார்கள். சாப்பிடுகிறான். அதற்குப் பிறகு அவன் விழவில்லை.

அடுத்த மாத ஆராதனையில் அவன் மறுபடி எழுந்து நின்றான். "ஈஸ்டர் அன்னிக்கு நான் அவசரப்பட்டுட்டேன். எனக்கு அப்போ சுகமாவல. ஆண்டவர் என்னைக் கைவிடவும் இல்ல. டாக்டர்கிட்ட அனுப்பினாரு" என்றான். முதல் சாட்சிக்கு அழுதவர்களில் பலர் இதற்கு அழவில்லை. சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவன் உட்காரும்வரை கால் நடுங்கவே இல்லை. எனக்கு மறுபடி பொறாமை வந்தது. இந்த முறை அவனுடைய சுகத்தின்மீது இல்லை. அந்தத் தைரியத்தின்மீது.

அதனால்தான் இதை எழுதுகிறேன். நோயை மறைத்து வைத்திருக்கிறவர்களே, உடம்புக்கு எது ஆகாதோ அதைக் கேட்கிறவர்களிடம் சொல்லுங்கள். ஸ்கேன் என்றால் பயப்படாதீர்கள். அசையாமல் படுத்திருப்பதுதான் அங்கே நம் வேலை. ஜெபம் அழகாக வராவிட்டாலும் ஜெபியுங்கள். பொறாமையோடு வந்தாலும் அவர் கேட்கிறார். ஞானமுத்துவுக்குக் கொடுத்ததை எனக்கும் கொடும் என்று கேட்டேன். அவர் அதற்கு முன்னமே ஞானமுத்துவையே கொடுத்து வைத்திருந்தார்.

சபை விருந்தில் இப்போதும் என் இலையில் இறால் விழுகிறது. எடுத்து அவன் இலையில் போடுகிறேன். "இது பாசமா, ஆகாததாலயா?" என்று கேட்டுவிட்டுத்தான் தின்பான்.

"ரெண்டும்தான்டா" என்பேன்.