மூன்றாவது சிலிண்டர்

என் கணவர் ஜெபகுமார் புனேயில், கட்கியில் இருபத்திரண்டு வருடம் ஸ்கூட்டர் மெக்கானிக்காக இருந்தார். அவர் போய் நாற்பது நாள் ஆகிறது. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் அவருடைய கைராசியைப் பற்றித்தான் பேசினார்கள். நான் அவர் பயந்த ஒரு நாளைப் பற்றி எழுத நினைக்கிறேன்.

கைராசி என்று அவர்கள் சொன்னது கார்புரேட்டரைத் திருகும் கையைத்தான். அப்போது புனேயில் வீட்டுக்கு வீடு ஸ்கூட்டர். வண்டியை எடுக்க வருகிறவர் முதலில் கேட்பது, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும் என்பதுதான். அதனால் எந்த வண்டி வந்தாலும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், பெட்ரோலை ஒரு இழை குறைத்து வைத்துத்தான் அனுப்புவார். கை தானாகவே அதைச் செய்துவிடும்.

1997 டிசம்பரில், பக்கத்தில் கோர்படியில் இருந்த சுப்ரமணியன் சாரின் கார் வந்தது. ராணுவத்தில் மேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஷெட் இருந்தது கன்டோன்மென்ட் நிலத்தில். அதற்கு அனுமதி வாங்கித் தந்ததே அவர்தான். கார் அறுபதுகளில் வந்த இங்கிலாந்து வண்டி. இரண்டே இருக்கை, துணிக் கூரை, சீறிப் பாயும் இஞ்சின், அதற்கு இரண்டு கார்புரேட்டர். என் கணவர் இரண்டையும் பிரித்துச் சுத்தம் செய்து கொடுத்தார். பத்தாம் நாள், ஒரு சனிக்கிழமை காலை, அது திரும்பி வந்தது.

"மேட்டுல மூச்சு வாங்கறது ஜெபா. மிதிச்சா பட் பட்னு வெடிக்கறது. நாளைக்கு பொண்ணை பஞ்ச்கனி ஸ்கூல்ல கொண்டு விடணும், வேலைல சேர்றா. சாயங்காலம் வரேன்" என்றவர், காரின் புத்தகத்தையும் வைத்துவிட்டுப் போனார்.

பஞ்ச்கனிக்கு பசர்ணி காட் என்ற மலைப்பாதையில் ஏற வேண்டும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமில்லை.

நான் சாப்பாடு கொண்டுபோனபோது இவர் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வெயிலில் பிடித்துக்கொண்டிருந்தார். காபிப்பொடி நிறத்தில் இருக்க வேண்டிய முனை சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. பெட்ரோலைக் கூட்டிவிடும் சோக்கைப் பாதி இழுத்தால் மட்டும் இஞ்சின் ஒழுங்காக ஓடியது.

"பெட்ரோல் பத்தல, காத்து ஜாஸ்தி" என்றார். "இப்படியே காட் ஏறுனா பிஸ்டன் உருகிப் பிடிச்சுக்கிடும் ஜான்சி. பின் சக்கரம் அப்படியே நின்னுரும். வளைவுல வச்சு ஆச்சுன்னா..."

எங்காவது காற்று உள்ளே கசிகிறதா என்று ஓடும் இஞ்சினின் இணைப்புகளில் எல்லாம் தண்ணீரைப் பீய்ச்சினார். கசிந்தால் சத்தம் மாறும். மாறவில்லை. பெட்ரோல் குழாயைக் கழற்றி பாட்டிலில் பிடித்தார். தாராளமாக வந்தது. மூன்று மணிக்கு, "அந்தப் புக்கக் கொஞ்சம் வாசி" என்றார். இங்கிலீஷ் வாசிக்க நான்தான்.

கார்புரேட்டரின் அடியில் உள்ள நட்டை முழுவதும் மேலே ஏற்றிவிட்டு, அங்கிருந்து இரண்டு சுற்று இறக்க வேண்டும் என்று போட்டிருந்தது. நட்டு மேலே போகப் போகப் பெட்ரோல் குறையும். இருக்கிற நிலை என்ன என்று பார்க்க அவர் நட்டை மேலே ஏற்றினார். ஒரு சுற்றிலேயே முட்டி நின்றது. அடுத்த கார்புரேட்டரிலும் அப்படியே.

"யாரு தொட்டா?" என்றேன்.

"நான்தான். மைலேஜுக்கு வச்சிருக்கேன். ஸ்கூட்டருக்கு வைக்க மாதிரியே."

சரியாக வைத்ததும் இஞ்சின் அழகாக ஓடியது. எனக்கு உயிர் வந்தது. ஆனால் அவர் விடவில்லை. ஒவ்வொரு சிலிண்டராக அழுத்தம் அளந்தார். நான்கில் மூன்று ஒன்றுபோல் இருந்தன. மூன்றாவது சிலிண்டரில் மட்டும் முள் பாதிக்குமேல் ஏறவில்லை.

"பத்து நாள் ஓடிருக்கே. பிஸ்டன் அடி வாங்கிருக்கு."

"இப்ப நல்லாத்தான ஓடுது?" என்றேன். "காத்து கசிஞ்சுது, அடைச்சாச்சுன்னு சொல்லிச் சாவியக் குடுத்துருங்க. அவரு ஒரு வார்த்தை சொன்னா ஷெட்டத் தூக்கிருவாவ."

அவர் பிளக்குகளைத் திரும்ப மாட்டினார். டிசம்பர் குளிரிலும் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

ஐந்தரைக்கு மேஜர் ஆட்டோவில் வந்து இறங்கினார். பின்னால் அவர் மகள் பாமா, ஒரு டிரங்குப் பெட்டியோடு. பெட்டியை நேரே காரில் வைத்தாள். இவர் எல்லாவற்றையும் சொன்னார்.

"என் காரை என்ன, பால்காரன் ஸ்கூட்டர்னு நெனச்சியா?" என்று மேஜர் கத்தினார்.

"மைலேஜ் கூடிடுத்துன்னு கிளப் பூரா பீத்திண்டது யாராம்?" என்றாள் பாமா.

"நீ சும்மா இரு. பத்து நாள் ஓடினது நாளைக்கு ஒரு நாள் ஓடாதா? சாவியக் குடு."

இவர் சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டார். "தரமாட்டேன் சார்."

"இந்த ஷெட் யாரால நிக்கறதுன்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார். நாளைக்கே எடுத்துருங்க. புள்ளைய இந்த வண்டியில ஏத்தாதீங்க."

கூட்டத்தில் பேசவே கூசுகிற மனிதர் இவர். மேஜரின் மீசை துடித்தது. பாமாதான் காருக்குள் குனிந்து பெட்டியை வெளியே இழுத்தாள். "ஸ்வார்கேட்லேந்து பஸ் இருக்குப்பா. வாங்கோ."

அவர்கள் போன பிறகும் இவர் கை திறக்கவில்லை. விரல் விரலாக நான்தான் பிரித்தேன்.

செவ்வாய்க்கிழமை மேஜரை வைத்துக்கொண்டே இஞ்சினைத் திறந்தார். மூன்றாவது பிஸ்டனின் விளிம்பு நகக்கண் அளவுக்கு உருகி அரித்துப்போயிருந்தது. மேஜர் அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். "வேற போடு" என்று மட்டும் சொன்னார். ஷெட்டைப் பற்றி அப்போதும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. வேறு வண்டிகளையும் அனுப்பவில்லை.

மறைத்துவிடுங்கள் என்று நான் சொன்னதை இவர் அதற்குப் பிறகு ஒரு நாளும் பேச்சில் எடுத்ததில்லை, சண்டையில்கூட. பாமா புதுவருஷத்துக்குத் தமிழில் எழுதி அட்டை அனுப்பும்போதெல்லாம் அதை வாசித்துவிட்டு என்னிடம் நீட்டுவார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொள்வேன்.