திடலில் தூக்கிய கைகள்

தொழிற்சங்கத்தின் பெயர்ப்பலகையைக் கழற்றி மாடிப்படியில் சாய்த்து வைத்த அன்றுதான், எங்கள் தலைவரைத் தேர்தலில் நிறுத்தினால் என்ன என்று எனக்குத் தோன்றியது. நான் பள்ளி முடித்திருந்த நேரம். சிராங்கூன் சாலையில் இருந்த அந்தச் சங்கத்துக்குத் துண்டறிக்கைகள் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அரசாங்கம் சங்கத்தின் பதிவை ரத்து செய்துவிட்டதால், ரோடு போடும் ஆட்களுக்காகக் கம்பெனியிடம் பேசத் தலைவருக்கு இனி உரிமையில்லை.

“சட்டமன்றத்துல போய்ப் பேசுங்கண்ணே” என்றேன்.

“ஆளுங்கட்சிய எதிர்த்தா? ஏன் தம்பி, நான் வெளியில நடமாடுறது உனக்குப் பிடிக்கலையா?”

சிரித்தார். ஆனால் தேர்தலில் நின்றார்.

முதல் கூட்டத்துக்குத் திடல் கொள்ளவில்லை. முக்கால்வாசிப் பேர் கம்பெனி குவார்ட்டர்ஸில் குடியிருந்தவர்கள். பேசி முடித்ததும், வேலைநிறுத்தத் தீர்மானத்துக்குக் கேட்பதுபோலவே, “நம்ம பக்கம் நிக்கிறவங்க கை தூக்குங்க!” என்றார். சங்கப் பழக்கம். ஆனால் அங்கே கதவைச் சாத்திக்கொண்டு கேட்பார். இது திறந்த வெளி. ஆட்களை வேலை வாங்கும் மண்டோர்கள் ஓரத்தில் சைக்கிள்களில் சாய்ந்து நின்றார்கள். கைகள் எழுந்தன. நான் மேடையில் குதிக்காத குறைதான்.

மறுநாள் காலை, கை தூக்கியவர்களில் சிலருக்கு வேலை இல்லை. வீட்டையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அடுத்த கூட்டத்தில் கச்சாங் பூத்தே என்ற வறுகடலை விற்பவர் மட்டும் தவறாமல் இருந்தார்.

குவார்ட்டர்ஸுக்கே போனோம். கதவுகள் சாத்தப்பட்டன. ஒருவர் ஜன்னல் வழியாக, “அண்ணே, ஒங்களுக்குத்தான் ஓட்டுப் போட நெனச்சேன். இங்க நிக்காதீங்க லா, புள்ளகுட்டிக்காரன்” என்றார்.

“ரகசிய ஓட்டுதாங்க, யாருக்கும் தெரியாது” என்றேன்.

“கை தூக்கச் சொன்னப்பவும் ஒண்ணும் ஆகாதுன்னுதான தம்பி நெனச்சீங்க?”

ஜன்னலும் அடைபட்டது.

கோப்பிக் கடையில் தலைவர் குவளையைத் தொடவே இல்லை. “இத்தன வருஷமா முதலாளியப் பாத்துப் பயந்தானுங்க. இப்ப என்னயப் பாத்துப் பயப்படுறானுங்க” என்றார். தோற்பது அவருக்கு முன்பே தெரிந்திருந்தது, இது தெரியாது.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அந்த வீடுகளின் பெண்களுக்கும் ஓட்டு உண்டு. இதுவரை நாங்கள் அவர்களிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. விடிந்ததும் அவர்கள் தண்ணீர் பிடிக்க வரும் குழாயடிக்குப் போவது என்று முடிவு செய்தேன், ஒலிபெருக்கி இல்லாமல், தலைவரையும் கூட்டிக்கொள்ளாமல், என் அக்காவை மட்டும் அழைத்துக்கொண்டு. அக்கா வருவாளா என்று இனிதான் கேட்க வேண்டும்.