மாப்பிள்ளை உருக்கிய மெழுகு

குன்னத்தூர்ப் பக்கம் தோட்டங்காட்டோடு பிறந்த மகுடேஸ்வரன், திருப்பூருக்கு வந்து தம் பெயரைத் தொலைத்தார். அதைத் திருடியது ஒரு ஒலிபெருக்கி.

மங்கலம் ரோட்டில் கைக்குழந்தைகளுக்கு உடுப்பு தைத்துக் கப்பலேற்றும் பூபாலன், மகுடேஸ்வரனின் மனைவி சாரதாமணிக்கு உடன்பிறந்த அண்ணன். சாயப்பட்டறையில் மாஸ்டராக இருந்த மகுடேஸ்வரன், அந்தப் பட்டறையை மூடியதும் மச்சானின் கம்பெனியில் செக்கிங் இன்சார்ஜாக வந்து சேர்ந்தார். பூபாலன் மரியாதை தெரிந்தவர். தங்கையின் புருஷனைப் பெயர் சொல்லி அழைப்பது முறையல்ல என்று மைக்கிலும் உறவுமுறை சொல்லியே அழைத்தார்.

"மாப்ள, செக்கிங்குக்கு வாங்க. மாப்ள, எங்க இருந்தாலும் செக்கிங்குக்கு வாங்க."

மூன்று மாடிக்கும் கேட்கும்படி இது அன்றாடம் ஒலிபரப்பானதில், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பையன்கள் அதுதான் அவருடைய பெயர் என்று முடிவுகட்டினார்கள். "மாப்ளா சார், நமஸ்தே" என்று அவர்கள் கும்பிடும்போதெல்லாம் மகுடேஸ்வரனுக்குப் பல் கூசும். நாற்பத்தெட்டு வயதில், தலையில் பாதி நரைத்த பிறகு, ஒரு கட்டடம் முழுவதற்கும் மாப்பிள்ளையாக இருப்பது எளிய காரியமல்ல. சொந்தமாக ஒரு தொழில் செய்து, சொந்தப் பெயரை போர்டில் எழுதி மாட்டுவது என்று அவர் சபதம் எடுத்தார்.

என்ன தொழில் என்பதை முடிவு செய்தவர், கம்பெனியின் சரக்கை வாங்கும் வெளிநாட்டு பையர். புத்தாண்டுக்கு அவர் அனுப்பிய பரிசுப் பெட்டியில், சதுரம் சதுரமாக வெட்டிய பளபளப்பான கட்டிகள் இருந்தன. பூபாலன் சோப்பு என்று எண்ணிக் கை கழுவப் பார்த்தார். நுரை வரவில்லை. கணக்குப் பிள்ளை மிட்டாய் என்று எண்ணினார். அவர் எண்ணியதோடு நிற்கவில்லை. அன்று பிற்பகல் விடுப்பு எடுத்துக்கொண்டார். கடைசியில் மகுடேஸ்வரன்தான் போனில் தேடிப் பார்த்து அறிவித்தார்: இதற்கு வாக்ஸ் மெல்ட் என்று பெயர். திரியில்லாத மெழுகு. பீங்கான் கிண்ணத்தில் வைத்து அடியில் சின்ன விளக்கேற்றினால் உருகி, அறையெல்லாம் மணக்கும்.

ஏற்றினார்கள். மணந்தது. அன்று மட்டுமல்ல, மறுநாள் காலை ஆபீஸைத் திறந்தபோதும் மணந்தது. மகுடேஸ்வரன் கிண்ணத்தையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றார். மெழுகு, வாசனை எண்ணெய், அடுப்பு. இதற்கு மேல் இதில் ஒன்றும் இல்லை. அண்டா அண்டாவாகச் சாயம் காய்ச்சியவருக்கு இது ஒரு வேலையா?

முதல் அடுப்பு வீட்டில்தான் எரிந்தது. அச்சுக்குப் பணியாரக்கல் வாகாக இருந்தது. மெழுகைக் காய்ச்சி, மல்லிகை எண்ணெய் ஊற்றி, குழிகளில் வார்த்து, ஆறியதும் குத்தி எடுத்தார். கட்டிகள் வெள்ளையாக, உருண்டையாக, பார்க்க லட்சணமாக இருந்தன. ஏற்றி வைத்தால் மெழுகு உருகியது. மணம் மட்டும் வரவில்லை. ஆனால் அந்த வாரம் வீட்டுக்கு வந்த ஒறம்பரைக்காரர்கள், சாரதாமணி சுட்ட பணியாரத்தைக் கடித்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஏனுங்க சாரதா, மாவுல பூவுகீவு விழுந்துருச்சுங்களா?"

சாரதாமணி விருந்தினர் போகும்வரை சிரித்த முகமாக இருந்தார். போனதும் பணியாரக்கல்லைக் கணவர் கையில் கொடுத்தார்.

"இதையும் எடுத்துக்குங்க. அடுப்பையும் எடுத்துக்குங்க. ஊட்டுக்குள்ள மட்டும் வேண்டாமுங்க. எங்கண்ணங்கிட்ட எடமா இல்லை?"

எந்த மச்சானிடமிருந்து தப்பிக்க மெழுகைக் கையில் எடுத்தாரோ, அந்த மச்சானிடமே இடம் கேட்டுப் போய் நிற்க வேண்டியதாயிற்று. பூபாலன் எழுந்து நின்று வரவேற்றார். பேக்கிங் ஹாலை ஒட்டி, அட்டைப்பெட்டி போட்டு வைத்திருந்த ஓர் அறையைக் காலி செய்தும் கொடுத்தார்.

"நீங்க தொழில் பண்றதுல எனக்கு சந்தோஷந்தானுங் மாப்ள. ஒண்ணே ஒண்ணு. காலைல என்ற ரூம்ல ஏத்தி வெய்யுங்க. சாயங்காலம் டீ வர்ற வரைக்கும் மல்லிகை வாசம் நிக்கோணும். நின்னுச்சுன்னா அந்த ரூம் உங்குளுது. பையருக்கெல்லாம் இனி உங்க மெழுகுதான் கிப்ட்டு."

"நிக்கலீன்னாங்க?"

"தீபாவளி வரைக்கும் பாருங்க. நிக்கலீன்னா பழையபடி செக்கிங்குக்கு வந்துருங்க. மைக்கு சும்மாதான இருக்குது."

கடைசி வாக்கியத்தைப் பூபாலன் அன்பாகத்தான் சொன்னார். மகுடேஸ்வரனுக்கு அது தூக்குத் தண்டனையை வாசித்தது போல் கேட்டது.

இனி, அவருடைய விஞ்ஞானத்தைச் சொல்லியாக வேண்டும். அது முழுக்கவும் சாயப்பட்டறையில் கற்ற விஞ்ஞானம். துணியில் சாயம் நிற்க வேண்டுமானால் சூடு வேண்டும். காய்ச்சக் காய்ச்சத்தான் ஏறும். அரைச் சூட்டில் முக்கினால் முதல் அலசலிலேயே தண்ணீரோடு போய்விடும். சாயத்துக்கு உண்டான சட்டம் வாசனைக்கு மட்டும் எப்படி மாறும்? ஆகவே மெழுகு புகைகிற அளவுக்குக் காய்ந்ததும் எண்ணெயை ஊற்றினார். ஊற்றிய பிறகும் விடாமல் கொதிக்க வைத்தார். அந்நேரம் எழுந்த மணம் இருக்கிறதே, அதைத் தேவலோகம் என்று சொன்னால் தேவலோகத்துக்குப் பெருமை. அறை மணந்தது. ஹால் மணந்தது. வாசலில் லோடு ஏற்ற வந்த வண்டிக்காரர், உள்ளே ஏதோ கல்யாணம் என்று எண்ணிச் செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார்.

"ஏறுது பாரு, ஏறுது பாரு" என்று மகுடேஸ்வரன் கிளறிக்கொண்டே இருந்தார். ஏறிக்கொண்டுதான் இருந்தது. மேல்நோக்கி.

வழிகாட்ட ஆள் இல்லாமலும் இல்லை. போன் வீடியோவில் ஒரு வெள்ளைக்கார அம்மையார், அடுப்பை அணைத்து மெழுகின் சூடு தணிந்த பிறகு எண்ணெய் ஊற்றுங்கள், வார்த்த கட்டிகளை மூடி இரண்டு வாரம் தொடாமல் வையுங்கள் என்று பொறுமையாக விளக்கினார். மகுடேஸ்வரன் அவரை இரட்டை வேகத்தில் ஓடவிட்டுப் பார்த்தார்.

"ரெண்டு வாரமாமா! ரெண்டு வாரத்துல நாம நூலை வாங்கித் துணியாக்கித் தெச்சுக் கப்பல்ல ஏத்தியிருவோம். அந்தம்மாளுக்கு ஷிப்மெண்டே கெடையாதாட்ட இருக்குது."

வார்த்த அன்றே அவருடைய கட்டிகள் பூபாலனின் அறைக்குப் போயின.

முதல் பரீட்சையில், காலை பத்து மணிக்கெல்லாம் கட்டி ஊமையாகிவிட்டது. எண்ணெய்க் கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று கடையை மாற்றினார். இரண்டாம் பரீட்சையில் ஏசிதான் வாசனையை உறிஞ்சுகிறது என்று கண்டுபிடித்து, ஏசியை நிறுத்தச் சொன்னார். பூபாலன் மாப்பிள்ளை சொல்லைத் தட்டாதவர். சட்டை முதுகோடு ஒட்ட, பேப்பரால் விசிறிக்கொண்டு, மூடிய அறையில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். டீ வந்தது. இஞ்சி வாசம் வந்தது.

"இஞ்சி நல்லா நிக்குதுங் மாப்ள" என்றார்.

அதற்கடுத்த முறை எண்ணெயை இருமடங்காக்கி, கொதியையும் இருமடங்காக்கினார் மகுடேஸ்வரன். அந்தக் கட்டி உருகியதும் எண்ணெய் தனியாக, மெழுகு தனியாகப் பிரிந்து நின்று, இரண்டும் சேர்ந்து விளக்குக் கரியின் வாசனையை வீசின. அன்று தன் அறைக்குத் திரும்பி அவர் பணியாரக்கல்லை உதைத்தார். கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு வாரம் நொண்டி நடந்தார். அந்த அம்மையார் சொன்ன இரண்டு வாரம் வேறு விதத்தில் கழிந்ததே தவிர, ஒரு கட்டியும் மூடி வைக்கப்படவில்லை.

எரிச்சல் முற்றிய மனிதருக்கு ஊரில் எல்லோர் மூக்கும் எதிரியாகிவிடும். "உங்கண்ணனுக்கு மூக்கே கெடையாது" என்று சாரதாமணியிடம் அறிவித்தார்.

"எங்கண்ணன் மூக்கு நல்லாத்தானுங்க இருக்குது. நீங்க ஊட்டுக்கு வந்தா தெருமுக்குலயே எனக்குத் தெரியுது. உங்க சட்டைல நிக்கறது மெழுகுல ஏன் நிக்க மாட்டீங்குது?"

மிகச் சரியான கேள்வி. பெண்டாட்டி கேட்டதால் அதற்கு அவர் பதில் தேடவில்லை.

அந்த அறையின் அமைப்பை இங்கே சொல்ல வேண்டும். ரோட்டுப் பக்கம் டிரான்ஸ்ஃபார்மர். பின்பக்கம் அடுத்த கம்பெனியின் சுவர். புகையை வெளியே தள்ளும் ஃபேனை மாட்ட மிச்சமிருந்தது பேக்கிங் ஹாலைப் பார்த்த சுவர் ஒன்றுதான். அங்கேதான் மாட்டியிருந்தார். அது ஓய்வெடுக்காமல் மல்லிகையை அள்ளி அள்ளி ஹாலுக்குள் ஊதியது. ஹாலில், சுத்தமான பருத்தியில் தைத்த வெள்ளை வெளேர் என்ற சின்னஞ்சிறு உடுப்புகள் மலை மலையாக, பாலித்தீன் பைக்குள் போவதற்காகக் காத்திருந்தன. செக்கிங் டேபிளைக் கவனித்துக்கொண்ட அன்புசெல்வி மட்டும் ஒருமுறை சொன்னாள்:

"ஏனுங்ணா, எங்க சர்ச்சுல கல்யாணத்தன்னிக்குப் பூக்கட்டுனாப்பல இருக்குதுங்ணா. சோத்துல கூட மல்லிகை வாசமடிக்குது."

"இந்த வாசம் சாயங்காலம் வரைக்கும் நிக்குமா, சொல்லு."

"இது எங்கீங்ணா போகப்போகுது? நாங்க ஊட்டுக்குப் போனாலும் கூடவே வருதுங்க."

மகுடேஸ்வரன் பூரித்துப் போய், இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றினார்.

தீபாவளிக்குச் சற்று முன்னால், கப்பலேற வேண்டிய சரக்கைப் பார்வையிட பையரின் ஆள் வந்தார். முருகவேல் என்று பெயர், திருநெல்வேலிக்காரர். அட்டைப்பெட்டி ஒன்றைத் தாமே தேர்ந்தெடுத்துத் திறந்தார். பையைக் கிழித்தார். ஒரு குட்டிச் சட்டையை மூக்கருகே கொண்டுபோனவர், தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"என்ன சார் இது? பூக்கடை மாரி மணக்கு."

பூபாலன் முகர்ந்து பார்த்தார். அடுத்த பெட்டி, அதற்கடுத்த பெட்டி, எல்லாவற்றிலும் கல்யாணம்தான்.

"பச்சப்புள்ள உடுப்பு சார். ஒரு வாசனையும் இருக்கக் கூடாது. இது தொண்டையில போய் அடைக்கு. ரொம்ப ஸ்ட்ராங்கா இருக்கு."

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "எவ்வளவு ஸ்ட்ராங்குங்க?"

முருகவேல் திரும்பிப் பார்த்தார். கண்கள் மின்ன மகுடேஸ்வரன் நின்றுகொண்டிருந்தார்.

"சார் யாரு?"

"எங்க மாப்ளைங்க" என்றார் பூபாலன். அந்த நிலைமையிலும் மரியாதை குறையவில்லை.

"ஒரு பீஸை வேணா அலசிப் பாக்கலாமுங்க" என்று யாரோ யோசனை சொல்ல, ஒரு சட்டையைத் தண்ணீரில் அலசிக் காயவைத்து எடுத்து வந்தார்கள். முருகவேல் முகர்ந்தார். "அலசுனாலும் போக மாட்டேங்கே. எப்படி சார் இப்படி நிக்கு?"

சாயப்பட்டறையில் தம் வாழ்நாளில் ஒருவரும் தமக்குத் தராத நற்சான்று அது. மகுடேஸ்வரன் நெஞ்சு நிமிர்ந்ததைக் கண்ட அன்புசெல்வி, அவர் இன்னொரு கேள்வி கேட்டுவிடாதபடி குறுக்கே வந்து நின்றுகொண்டாள்.

சரக்கு அந்தக் கப்பலில் ஏறவில்லை. வாசனை அறவே போன பிறகு மறுபடி வந்து பார்ப்பதாக முருகவேல் சொல்லிவிட்டுப் போனார். மெழுகு அறையின் அடுப்பு அணைந்தது, ஃபேன் கழற்றப்பட்டது, பணியாரக்கல் சாரதாமணியிடம் திரும்பிப் போனது. அவர் அதைத் தொடவில்லை. பூபாலன் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. மறுநாள் காலையில் மைக்கை எடுத்து இரண்டு தட்டு தட்டினார்.

"மாப்ள, செக்கிங்குக்கு வாங்க."

"மாப்ளா சார் வாபஸ் ஆ கயா" என்று, அவர் திரும்பி வந்ததற்கு மாடிப்படியில் ஒரு குரல் இந்தியில் மகிழ்ந்தது.

இப்போது அவருக்கு ஒரே வேலை. பையிலிருந்து பிரித்த உடுப்புகளைக் கயிற்றில் தொங்கவிட்டு, நாலாபுறமும் ஃபேன் வைத்து, காற்றாட விட்டு, ஒவ்வொன்றாக முகர்ந்து பார்ப்பது. மாதக்கணக்கில் எந்த வாசனையை நிற்க வைக்கப் பாடுபட்டாரோ, அதைப் போகச் சொல்லிக் காத்துக்கிடந்தார். அவர் மூக்கு மல்லிகையில் ஊறி மரத்துவிட்டது; அவருக்கு எல்லாமே வெறும் துணியாகத் தெரிந்தது. ஆகவே தினமும் அன்புசெல்வியின் மூக்கை நம்பினார்.

"போயிருச்சா?"

"இல்லீங்ணா. கும்முன்னு இருக்குது."

"நல்லாப் பாரு."

"நல்லாப் பாத்தா இன்னும் கும்முன்னு இருக்குதுங்ணா."

இந்தப் பதிலைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொள்வார். அடித்துக்கொண்ட கையை எடுக்கும்போது, உதட்டோரம் ஒரு துளி பெருமை ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஹாலில் இடம் போதாமல் சில கட்டுகளைப் பூபாலனின் அறையிலும் கொண்டுபோய்த் தொங்கவிட்டார்கள். மேஜைக்கு மேலும் சோபாவுக்கு மேலும் கைக்குழந்தைச் சட்டைகள் ஆட, நடுவில் தலையைக் கையில் தாங்கிப் பூபாலன் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து அப்படித்தான். சட்டைகளை முகர்வதற்காக மகுடேஸ்வரன் உள்ளே வந்த நேரம், டீக்காரரும் வந்து இரண்டு கிளாஸ் வைத்துவிட்டுப் போனார்.

இஞ்சி டீதான். பூபாலன் ஒரு வாய் உறிஞ்சி, கிளாஸைத் தூரத்தில் வைத்து உற்றுப் பார்த்தார். இஞ்சியைக் காணோம்; மல்லிகைதான் மணந்தது.

மகுடேஸ்வரன் ஒருமுறை கனைத்துக்கொண்டார். இதைச் சொல்லாமல் விட்டால் தம் நெஞ்சு வெடித்துவிடும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"மச்சான்... சாயங்கால டீ வந்துருச்சுங்க."

பூபாலன் மெல்லத் தலையைத் தூக்கினார். ஆடுகிற சட்டைகளைப் பார்த்தார். கிளாஸைப் பார்த்தார். தான் போட்ட நிபந்தனை முழுசாக நினைவுக்கு வர அவருக்குச் சற்று நேரம் பிடித்தது.

"ஆமாங் மாப்ள, வந்துருச்சு" என்றார். "குடிச்சுப்போட்டு செக்கிங்குக்குப் போங்க."