பதிவேட்டைத் தேடிப் பொகவந்தலாவைக்கு

சனிக்கிழமை, காலை 7.40. அட்டன் பஸ் நிலையத்தில் பொகவந்தலாவை பஸ் உறுமிக்கொண்டு நின்றது. டிக்கட் நூற்று இருபது ரூபாய். நான் இறையியல் கல்லூரியில் மூன்றாம் வருடம். தேயிலைத் தோட்டங்களில் உள்ள கிறிஸ்தவச் சபைகளின் வரலாறு என் ஆய்வு. பொகவந்தலாவைப் பக்கம் ஒரு சபையில் வெள்ளைக்காரன் காலத்து ஞானஸ்நானப் பதிவேடு இருப்பதாகக் கேள்வி. அதைக் கண்ணால் பார்க்காமல் எழுதினால் ஆய்வைத் தொடவே மாட்டேன் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டும்.

எனக்குப் பிடித்த இன்னொரு பாடம் விசுவாசத் தற்காப்பு. நம் நம்பிக்கைக்காகத் தர்க்கத்தோடு வாதாடும் கலை. விடுதியில் என்னை யாரும் வென்றதில்லை. அங்கே எல்லோரும் ஏற்கெனவே கிறிஸ்தவர்கள் என்பது வேறு விஷயம்.

8.20. நோர்வூட் தாண்டியது. பக்கத்துச் சீட்டில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர், நெற்றி நிறையத் திருநீறு. வாதாட வாய் துறுதுறுத்தது.

"எல்லாத்துக்கும் ஒரு காரணம் இருக்கணும், இல்லையா அண்ணே?"

"ஆமா தம்பி. காரணம் இல்லாம என்ன நடக்குது?"

"அப்போ உலகத்தைப் படைச்சவர் ஒருத்தர் இருக்கணும்."

"இருக்காரு தானே."

"அவர் ஒருத்தர்தான்."

"ஒருத்தரேதான்."

இந்த இடத்தில் எதிராளி மறுக்க வேண்டும். பாடநூலில் அப்படித்தான் இருக்கிறது. இவரோ தலையாட்டிக்கொண்டே வந்தார். பொறுமையிழந்து, "அப்புறம் ஏன் கல்லைக் கும்பிடுறீங்க?" என்று கேட்டுவிட்டேன். அவர் மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்தார்.

"தம்பி, காலையில சாப்டீங்களா?"

ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் நீட்டினார். தோல்வியை ஒப்புக்கொண்டார் என்று எடுத்துக்கொண்டு சாப்பிட்டேன்.

9.05. தோட்டத்து முச்சந்தியில் இறங்கினேன். அவரும் இறங்கினார். காத்திருந்த சபை உபதேசியாருக்கு ஒரே சந்தோஷம்.

"அட, ரெண்டு பேரும் ஒண்ணாவே வந்துட்டீங்களா! கோயில் தலைவர் முருகையா இவருதான். நம்ம பதிவேடு இவருகிட்டதான் இருக்கு."

உபதேசியார் காரணம் சொன்னார். சபைக் கூரை ஒழுகுகிறதாம், பாட்டுப் புத்தகங்களைக் கரையான் தின்றுவிட்டதாம். பூட்டுள்ள இரும்பு அலமாரி தோட்டத்திலேயே மாரியம்மன் கோயிலில் மட்டும்தான். அதோடு திருவிழாவுக்குச் சபை பெஞ்சுகள் கோயிலுக்கு வரும், கிறிஸ்மசுக்குக் கோயில் ஸ்பீக்கர் சபைக்குப் போகும். இதெல்லாம் எந்தச் சபை வரலாற்றிலும் நான் படித்ததில்லை.

கோயில் வாசலில் தயங்கி நின்றேன். பஸ்ஸில் நான் கேட்டதை மனதில் வைத்துத் தரமாட்டேன் என்று அவர் சொன்னால் என் ஆய்வு அவ்வளவுதான்.

"செருப்பக் கழட்டிட்டு உள்ள வாங்க தம்பி."

கை கழுவித் துடைத்துவிட்டு அலமாரியைத் திறந்தார். பட்டுத்துணியில் சுற்றி, பூச்சி உருண்டை போட்டு, பதிவேடு பத்திரமாக இருந்தது.

"வருஷத்துக்கு ஒருக்கா வெயில்ல வைப்போம். பஸ்ல நீங்க கேட்டத யோசிச்சேன் தம்பி, சரியா பதில் சொல்லத் தெரியல. ஆனா ஈரம் பட்டா இதுல உள்ள பேரெல்லாம் அழிஞ்சிரும்ல?"

எனக்கு வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று அவருக்கு விளங்கவில்லை. அம்மன் சந்நிதிக்குப் பக்கத்தில் பாய் போட்டு உட்கார்ந்து, மத்தியானம் வரை பெயர்களை எழுதினேன்: சூசை, மரியாள், ஞானமுத்து. தகப்பன் தொழில், தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுதல்.

1.30. திரும்பும் பஸ். ஆதாரம் எங்கே இருக்கிறது என்று அடிக்குறிப்பில் காட்டுவது ஆய்வு விதி. மூன்று தடவை எழுதி அடித்தேன். கடைசியில் உள்ளதை உள்ளபடி எழுதினேன்:

"மூலப் பதிவேடு: மாரியம்மன் கோயில், சந்நிதிக்கு இடப்புற அலமாரி. பொறுப்பாளர்: கோயில் தலைவர். பார்வையிட விரும்பும் இறையியல் மாணவர்கள் செருப்பை வெளியே விடவும், வாதத்தையும்."